காட்டாற்றில் இறங்கும் காட்டு வண்டி!
எவ்வளவு தண்ணீரில் ஓட்டலாம்? எங்கே நிற்க வேண்டும்?

2024ம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசி. அமெரிக்காவின் தென்பகுதியை "ஹெலீன்" என்ற புயல் தாக்கியது. புளோரிடா மாநிலத்தில் கரை ஏறிய அந்தப் புயல், கடலுக்கு வெகு தூரத்தில் இருந்த மலை நாட்டில் போய்ப் பெரிய நாசத்தை உண்டாக்கியது.

வடகரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் என்று ஓர் ஊர். சுற்றிலும் மலைகள். ஊரின் ஓரமாகப் பிரெஞ்சு பிராடு என்ற ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றில் 1916ம் ஆண்டு வந்த வெள்ளத்தைத்தான் அதுவரை பெரிய வெள்ளம் என்று சொல்லி வந்தார்கள். ஹெலீன் புயலின்போது தண்ணீர் 24 அடிக்கு மேல் உயர்ந்து, பழைய கணக்கை மிஞ்சிவிட்டது. அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் மாண்டார்கள்.

பாலங்கள் போய்விட்டன. ரோடுகள் அறுந்து தொங்கின. மலை மேல் இருந்த வீடுகளில் மக்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குச் சாப்பாடும், குடிதண்ணீரும், மருந்தும் கொண்டுபோக வேண்டும். காரில் போக முடியாது. லாரியில் போக முடியாது. சில இடங்களுக்குக் கோவேறு கழுதைகள் மீது மூட்டை ஏற்றி அனுப்பினார்கள். வேறு பல இடங்களுக்கு, மண்ணிலும் கல்லிலும் ஓடைத் தண்ணீரிலும் ஏறி இறங்கிப் போனது ஒரு சின்ன மோட்டார் வண்டி.

அது என்ன வண்டி?

சைடு பை சைடு

அந்த வண்டிக்குச் "சைடு பை சைடு" என்று பெயர். பக்கத்தில் பக்கமாக இருவர் உட்காருவதால் இந்தப் பெயர் வந்தது. நான்கு பேர் உட்காரும் வண்டிகளும் உண்டு.

பார்ப்பதற்கு ஜீப்பின் தம்பியைப் போல இருக்கும். கார் போலவே ஸ்டியரிங், பெடல் எல்லாம் உண்டு. தலைக்கு மேலே இரும்புக் குழாய்களால் ஆன கூண்டு இருக்கும். வண்டி புரண்டால் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமல் காப்பது இந்தக் கூண்டுதான். டயர்கள் பெரியவை. கல்லும் முள்ளும் உள்ள பாதையில் போவதற்காகச் சக்கரங்கள் வெகுவாக மேலும் கீழும் ஆடும்படி செய்திருப்பார்கள்.

ஜப்பானின் காவசாகி கம்பெனி 1988ம் ஆண்டு இப்படி ஒரு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பண்ணை வேலைக்கான வண்டி. வைக்கோல், வேலிக் கம்பி, உர மூட்டை ஆகியவற்றை ஏற்றிச் செல்வதற்காகச் செய்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "மியூல்". கோவேறு கழுதை என்று அர்த்தம்! பிறகு மற்றக் கம்பெனிகளும் போட்டிக்கு வந்தன. 2007ம் ஆண்டு அமெரிக்காவின் போலாரிஸ் கம்பெனி வேகமாக ஓடும் ஒரு வண்டியை வெளியிட்டது. அதோடு பண்ணை வண்டி, விளையாட்டு வண்டியாகவும் ஆயிற்று.

இப்போது அமெரிக்காவில் விடுமுறை வந்தால் குடும்பத்தோடு இந்த வண்டியில் ஏறிக் காட்டுக்குள் போகிறார்கள். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இதற்கென்றே நூற்றுக்கணக்கான மைல் மலைப்பாதைகள் இருக்கின்றன. டெக்சாஸ், லூசியானா பக்கத்தில் சேறும் தண்ணீருமாக இருக்கும் இடங்களில் இறங்கி விளையாடுகிறார்கள். அதற்குக் கட்டணம் கொடுத்து உள்ளே போகிறார்கள்!

விளையாட்டு என்றாலும் விபத்து உண்டு. 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளில் இந்த வண்டிகளும், இவற்றைப் போன்ற மற்றக் காட்டு வண்டிகளும் சம்பந்தப்பட்ட விபத்துகளில், ஆண்டுக்குச் சராசரி 700 பேருக்கு மேல் இறந்ததாக அமெரிக்க அரசின் நுகர்வோர் பொருள் பாதுகாப்புக் கமிஷன் கணக்குக் கொடுத்தது. பெரும்பாலான சாவுகள் வண்டி புரண்டோ, மோதியோ ஏற்படுபவை. தண்ணீரில் போவது அவற்றில் சிறு பகுதிதான். ஆனால் நிலத்தில் புரண்டவன் தப்பிக்கலாம். தண்ணீரில் புரண்டவனுக்கு மூச்சு விடவும் நேரம் கிடைப்பதில்லை.

விளம்பரம் ஒன்று, புத்தகம் ஒன்று

விளம்பரப் படங்களைப் பார்த்தால் இந்த வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாயும். இரண்டு பக்கமும் தண்ணீர் மதில் போல எழும்பும். ஓட்டுகிறவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

வண்டியோடு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். அதில் வேறு விதமாக எழுதியிருக்கும். வண்டியில் கால் வைக்கும் தளம் இருக்கிறதல்லவா? தண்ணீர் அந்தத் தளத்தைத் தாண்டக்கூடாது என்பதுதான் பல கம்பெனிகள் சொல்லும் எல்லை. பல வண்டிகளில் இது ஏறக்குறைய ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும். அதாவது முழங்கால் அளவுகூட இல்லை! வேகமாக ஓடும் தண்ணீரில் இறங்கவே வேண்டாம் என்றும் அதே புத்தகம் சொல்லும்.

படத்தை ஊரெல்லாம் பார்க்கிறது. புத்தகத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள்? வண்டியை விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் காட்டினால் நல்லது.

தண்ணீர் குடித்த என்ஜின்

தண்ணீரில் இறங்கினால் வண்டிக்கு என்ன கேடு வரும்?

என்ஜினுக்கு மூச்சு வேண்டும். ஒரு குழாய் வழியாக வெளிக் காற்றை இழுக்கிறது. உள்ளே போன காற்றைப் பிஸ்டன் நெருக்கிச் சுருக்குகிறது. பத்துப் படி காற்று ஒரு படி அளவுக்குச் சுருங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். காற்று சுருங்கும். தண்ணீர் சுருங்குமா? சுருங்காது. காற்றுக் குழாயில் தண்ணீர் புகுந்துவிட்டால், மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் போய் இடிக்கும். பாறையில் இடித்தது போலத்தான். பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். சில சமயம் ஒடிந்து என்ஜினையே துளைத்துவிடும்.

இதனால்தான் தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி "ஸ்டார்ட்" செய்து பார்க்கக்கூடாது என்கிறார்கள். நின்றபோது பிழைத்திருந்த என்ஜினை, சாவியைத் திருப்பிச் சாகடித்தவர்கள் உண்டு. சென்னை வெள்ளத்தில் கார்களைப் பறிகொடுத்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

சைடு பை சைடு வண்டிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு.  பெரும்பாலான வண்டிகளில், என்ஜினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட். நெல் அரைக்கும் மில்லில் ஓடும் பெல்ட்டை நினைத்துக்கொண்டால் போதும். இந்தப் பெல்ட் ஒரு பெட்டிக்குள் ஓடுகிறது. ஓடும்போது சூடாகும். சூடு தணிய அந்தப் பெட்டிக்கும் காற்றுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகத் தண்ணீர் புகுந்து பெல்ட் நனைந்தால் வழுக்கும். என்ஜின் சத்தம் பலமாகக் கேட்கும், வண்டி நகராது. நட்டாற்றில் இப்படி ஆனால் என்ன செய்வது?

கரைக்கு இழுத்து வந்த பிறகு இதற்கு வைத்தியம் சுலபம். பெல்ட் பெட்டியின் அடியில் உள்ள திருகைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு வண்டியை கியரில் போடாமல் என்ஜினை மட்டும் ஓடவிட்டால், பெல்ட் சுழன்று சுழன்று ஈரம் உலரும். ஆனால் என்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று தெரிந்தால்தான் இதைச் செய்யலாம். என்ஜின் எண்ணெயைப் பார்த்தால் தெரியும். எண்ணெய் பால் கலந்த காபி போல இருந்தால், உள்ளே தண்ணீர் போய்விட்டது.

மூக்கை உயர்த்தினால் போதுமா?

சேற்று விளையாட்டுக்காரர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். காற்றுக் குழாய்களை நீட்டி, யானை துதிக்கையைத் தூக்குவது போல மேலே உயர்த்திவிடுகிறார்கள். இதற்கு "ஸ்நார்கல்" என்று பெயர். கனடாக் கம்பெனி ஒன்றின் கான்-ஆம் வண்டிகளில், சேற்றுக்கென்றே வரும் சில ரகங்களுக்குக் கம்பெனியே இப்படி உயர்த்திக் கொடுக்கிறது.

இதனால் என்ஜின் பிழைக்கும். உண்மைதான். ஓட்டுகிறவருக்கு மூக்கு உயரவில்லையே!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என்ஜினுக்குத் தண்ணீர் போகாது என்ற தைரியத்தில் மார்பளவுத் தண்ணீரில் இறங்குகிறார்கள். அங்கே இன்னொரு எதிரி காத்திருக்கிறது. அது மிதப்பு.

மிதக்கும் இரும்பு

தண்ணீரில் மூழ்கும் எந்தப் பொருளையும் தண்ணீர் மேலே தள்ளும். கிணற்றில் குடத்தை அமுக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வெறும் குடம் லேசில் மூழ்காது.

சைடு பை சைடு வண்டியின் டயரும் அப்படித்தான். 30 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் உள்ள டயர் ஒன்று, முழுதும் மூழ்கினால் சுமார் 90 கிலோ எடையை மேலே தள்ளும். நான்கு டயருக்கும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 360 கிலோ ஆகிறது. ஆள் இல்லாத வண்டியின் எடையே ஏறக்குறைய 650 கிலோதான் என்றால், பாதிக்கு மேல் எடை போய்விட்டது! எடை போனால் டயர் தரையைப் பிடிக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும்.

பெரிய டயர் போட்டால் ஆழத்தில் இறங்கலாம் என்று நினைக்கிறார்கள். டயர் பெரிதாகப் பெரிதாக வண்டி படகாகிறது. துடுப்பு இல்லாத படகு!

கனமான வண்டி என்றால் தப்பிக்குமா? ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீர் ஆராய்ச்சிக் கூடத்தில், 2016ம் ஆண்டு, உண்மையான கார்களையே தண்ணீருக்குள் நிறுத்தினார்கள். முதலில் சுமார் ஒரு டன் எடையுள்ள சின்ன கார். அரை அடித் தண்ணீர், மனிதன் மெதுவாக நடக்கும் வேகத்தில் ஓடியது. கார் நகர்ந்துவிட்டது! இரண்டு அடித் தண்ணீரில் முழுதும் மிதந்தது.

அடுத்து இரண்டரை டன் எடையுள்ள நான்கு சக்கர இழுப்பு வண்டி. பாலைவனத்தில் போகக்கூடிய முரட்டு வண்டி அது. ஒன்றரை அடித் தண்ணீர் அதே மெதுவான வேகத்தில் வந்ததும் அது நிலை தடுமாறியது. மூன்று அடிக்குச் சற்று மேல் தண்ணீர் ஏறியபோது, கையால் தள்ளினால் நகரும் நிலைக்கு வந்துவிட்டது.

இரண்டரை டன் வண்டிக்கே இந்தக் கதி. அதில் நான்கில் ஒரு பங்கு எடையுள்ள சைடு பை சைடு எம்மாத்திரம்?

தண்ணீரின் வேகத்தையும் கவனிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், தள்ளும் பலம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு "கொஞ்சம் வேகமாகத்தான் ஓடுகிறது" என்று தோன்றும். நடுவில் நிற்கும் வண்டிக்கு அது கொஞ்சம் அல்ல.

கடக்கும் முறை

அப்படியானால் தண்ணீரில் இறங்கவே கூடாதா? இறங்கலாம். ஹெலீன் புயலின்போது அந்த வண்டிகள் ஓடைகளைக் கடந்துதானே மருந்து கொண்டுபோயின? அதற்கு முறை இருக்கிறது.

முதலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கரையில் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா? மரக்கிளை, கட்டை ஏதாவது மிதந்து வருகிறதா? எதிர்க்கரையில் வண்டி ஏறுவதற்கு வழி இருக்கிறதா? உள்ளே இறங்கிவிட்டு, ஏறும் வழி இல்லாமல் தவிப்பவர்கள் ஏராளம்.

தண்ணீர் தேங்கி நின்றால், ஒரு கோலை எடுத்துக்கொண்டு நடந்து பார்க்கலாம். அடியில் பள்ளம் இருக்கிறதா, பாறை இருக்கிறதா, கால் புதைகிறதா என்று தெரிந்துவிடும். நடந்து போக முடியாத அளவுக்குத் தண்ணீர் இழுத்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. மனிதன் நடக்க முடியாத இடத்தில் வண்டியும் போகக்கூடாது.

வண்டி வெகு தூரம் ஓடிச் சூடாக இருந்தால், உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். சக்கரத்துக்குப் பலம் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிகளுக்குள்ளே சூடான காற்று இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்தக் காற்று சட்டென்று சுருங்கி, வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். உழைப்பாளிகூடக் களைப்பாறிய பிறகுதான் குளத்தில் இறங்குகிறான்!

இறங்கும்போது நான்கு சக்கரங்களுக்கும் இழுப்புக் கொடுத்து, பலமான கியரில் மெதுவாக ஓட்ட வேண்டும். விளம்பரத்தில் வருவது போலப் பாய்ந்தால், முன்னால் எழும்பும் அலை திரும்பி வந்து காற்றுக் குழாயில் விழும். மெதுவாக, ஒரே சீராகப் போனால் வண்டிக்கு முன்னால் ஒரு சிறிய அலை மட்டும் உருண்டு போகும். நடுவில் நிற்கக்கூடாது.

இரண்டு வண்டிகள் போனால் ஒன்று கரை ஏறிய பிறகுதான் அடுத்தது இறங்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இறங்கினால் இரண்டும் ஒன்றாகச் சிக்கும். இழுக்க யார் இருப்பார்கள்? தனியாகப் போகிறவர் தண்ணீரில் இறங்காமல் இருப்பதே மேல்.

கரை ஏறியதும் வேகம் எடுக்கக்கூடாது. நனைந்த பிரேக் பிடிக்காது. மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி உலர்த்த வேண்டும். மலைச்சரிவில் இதை மறந்தவர்கள் தண்ணீரில் தப்பி, தரையில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

இடுப்பில் கட்டும் பெல்ட் பற்றி ஒரு சந்தேகம் பலருக்கு உண்டு. தண்ணீரில் மூழ்கினால் கழற்ற முடியாமல் போய்விடுமே என்று, இறங்கும் முன்பே கழற்றி விடுகிறார்கள். அது பெரிய தவறு. வண்டி புரளும்போது கட்டாத ஆள் வெளியே வீசப்பட்டு, அதே இரும்புக் கூண்டின் கீழ் அகப்படுகிறார். கட்டியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கழற்றவும் பழகியிருக்க வேண்டும். பெரியவர்கள் பழகிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுக் குழந்தை? குழந்தைகளைக் கரையில் ஒரு பெரியவரோடு நிறுத்திவிட்டு, வண்டி மட்டும் கடப்பதில் என்ன நஷ்டம்?

நம் நாட்டில்...

இந்தியாவில் சைடு பை சைடு வண்டிகள் அதிகம் இல்லை. ஆனால் "என் வண்டி உயரமான வண்டி, தண்ணீர் ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கை இங்கேயும் வந்துவிட்டது. 2024ம் ஆண்டு செப்டம்பரில், டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள பரீதாபாத்தில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைத் தண்ணீருக்குள் ஓர் உயரமான கார் போனது. அதில் இருந்த இருவரும் இறந்தார்கள். 2021ம் ஆண்டு செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில், இதேபோல் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணீரில் கார் சிக்கி ஒரு பெண்மணி உயிரிழந்தார். இரண்டு இடத்திலும் காட்டாறு எதுவும் ஓடவில்லை. மழைத் தண்ணீர் தேங்கி நின்றது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே தண்ணீரில் போகக்கூடிய வண்டி எப்படி இருக்கும் என்பதையும் நம் நாட்டில் பார்த்தார்கள். 2025ம் ஆண்டு ஆகஸ்டில் பஞ்சாபில் பெரு வெள்ளம் வந்தபோது, அமிர்தசரஸ் மாவட்டத்தில் ராணுவம் "ஏட்டார்" என்ற வண்டியை இறக்கியது. ஆள் உயர டயர்கள். தண்ணீர் புகாத பெட்டி போன்ற உடல். ஆழம் வந்தால் அது மிதக்கும். டயர்களின் பள்ளங்களே துடுப்புப் போலத் தண்ணீரைத் தள்ளும். 1,200 கிலோ பாரம் ஏற்றலாம். கிராமங்களில் அகப்பட்டிருந்தவர்களை அது ஏற்றி வந்தது. மிதப்பதற்கென்றே செய்த வண்டி அது. கடையில் வாங்கிய வண்டிக்கு ஒரு குழாயை உயர்த்திவிட்டு அதோடு போட்டி போட முடியாது.

டெக்சாஸ் கம்பம்

அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கி இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், வண்டியை வெள்ளத்துக்குள் ஓட்டிச் சென்றதால் இறந்தவர்கள் என்று அந்நாட்டு அரசின் நோய்த் தடுப்பு நிலையம் சொல்கிறது. தண்ணீரைக் கண்டால் திரும்பிவிடுங்கள் என்று வானிலை இலாகா ஆண்டுதோறும் பிரசாரம் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து அரசும் இதேபோல் பிரசாரம் செய்கிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் மலைப்பகுதியில் தரைப்பாலங்கள் நிறைய உண்டு. நம் ஊர்த் தரைப்பாலங்களைப் போலத்தான். மழை பெய்தால் தண்ணீர் பாலத்தின் மேல் ஓடும். அவற்றின் ஓரத்தில் அடிக்கணக்கு எழுதிய கம்பங்களை நட்டிருக்கிறார்கள். பாலத்தின் மேல் எத்தனை அடித் தண்ணீர் என்று வண்டிக்காரர் தூரத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். ஆனால் தண்ணீருக்கு அடியில் ரோடு மிச்சம் இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது கம்பத்தில் தெரியாது. இரவில் கம்பமே தெரியாது.

2025ம் ஆண்டு ஜூலை 4ந்தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, அந்தப் பகுதியில் உள்ள குவாடலூப் ஆற்றில் விடியும் முன்பே வெள்ளம் வந்தது. 45 நிமிடத்தில் தண்ணீர் சுமார் 26 அடி உயர்ந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். அந்த வெள்ளத்தில் டெக்சாஸ் மாநிலத்தில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். தரைப்பாலக் கம்பங்களில் எழுதியிருப்பது சில அடிகள்தான்.